கமலவேணி அக்காவின் ராக்கெட்

அந்த ராக்கெட் முதல் நாளே பறந்து தொலைந்திருக்கலாம். பறந்திருந்தால் கமலவேணி அக்கா வாயைத் திறந்திருக்க மாட்டாள், எங்கள் பதினோரு பேருக்கும் வேலை போயிருக்காது. அது நின்றது, மறுபடி நின்றது. அந்த இடைவெளியில்தான் எல்லாம் கெட்டது.

கமலவேணி செங் என்ற ஊரில், கசிவை அடைக்கிற ரப்பர் சீல் செய்யும் ஒரு ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். பிறந்தது நியாலாஸ் பக்கத்து எஸ்டேட்டில். அப்பாவும் அம்மாவும் அங்கே ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர்கள். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷன் லாரி விபத்தில் போய்விட்டார். பிள்ளை இல்லை. "இன்னொரு கல்யாணம் பண்ணிக்க" என்று சொல்லிச் சொல்லி ஊர்தான் களைத்தது, அவள் களைக்கவில்லை. பாச்சாங்கில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்துகொண்டு, எஸ்டேட்டில் சும்மா உட்கார்ந்திருந்த பெண்களை ஒவ்வொருத்தியாக ஃபேக்டரிக்கு இழுத்து வந்தாள். எங்களில் ஆறு பேர் அப்படி வந்தவர்கள். நானும் அதில் ஒருத்தி. இண்டர்வியூவுக்குப் போட நல்ல செருப்பு இல்லாமல் நான் நின்றபோது அவள் காலில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அளவு பெரிசு. பரவாயில்லை, வேலை கிடைத்தது.

அவள் வேலை கடைசிச் சோதனை. செய்து முடித்த சீல் எல்லாம் அவள் மேசைக்கு வரும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு லென்ஸ் வழியாக ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். சரியாக இருந்தால் தாளில் முத்திரை குத்துவாள். அதை நாங்கள் சாப் என்போம். அவளுடைய சாப் ஏழாம் நம்பர். ஏழாம் நம்பர் குத்திய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதற்குத்தான் அவள் திமிராக இருந்துவிட முடியும்?

இரண்டு வருஷத்துக்கு முன் வெளிநாட்டில் ராக்கெட் செய்கிற ஒரு தனியார் கம்பெனி எங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. கைக்குழந்தைக்குப் போடுகிற வளையல் அளவில் ஒரு ரப்பர் வளையம், எரிபொருள் போகிற வால்வுக்குள் உட்காருவது. அதற்கென்று தனியாக ஒரு செக்‌ஷன் திறந்து எங்கள் பதினோரு பேரையும் போட்டார்கள். வெள்ளைக் கோட்டு, கையுறை, நல்ல ஏர்கோன். மானேஜர் ஒரு சீனர், நல்ல மனுஷன். முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட்டார். சோதனை ராக்கெட் பறந்தால் இன்னும் மூன்று வருஷத்துக்கு ஆர்டர் உண்டு. ஆர்டர் போனால் செக்‌ஷனை மூடிவிடுவார்கள்.

எஸ்டேட்டில் இந்தச் சேதி பரவியதே ஒரு கூத்து. கமலவேணி செய்த வளையத்தில்தான் ராக்கெட் ஓடுகிறது என்றார்கள். அவளே ஓட்டப் போகிறாள் என்று ஒரு கிழவர் சொன்னதாகவும் கேள்வி.

கடைசித் தட்டு வளையங்களை அனுப்ப வேண்டிய நாள் அது. அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"வாணி, இத கொஞ்சம் பாரு."

லென்ஸில் பார்த்தேன். தலைமுடி மாதிரி ஒரு கோடு, வளையத்தின் உள்பக்கம். அடுத்ததிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும். எங்கோ எதிலோ உரசியிருக்கிறது. அதற்குள் சூப்பர்வைசர் கணேஸ்வரன் வந்துவிட்டான். கூரியர் லாரி வாசலில் நின்றது.

"அது தூசிக்கா. சாப் அடிங்கலா. லாரி வெயிட்டிங்."

"தூசி இல்ல தம்பி, கீறல்."

"திரும்ப செய்ய டைம் இருக்கா? பதினோரு பேர் வேலைக்கா. யோசிச்சுப் பாருங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். அவள் சாப் குத்தினாள்.

மூன்று மாசம் கழித்து ராக்கெட் விடுகிற நாள் வந்தது. நம் நேரத்துக்குப் பகல் சாப்பாட்டு வேளை. எங்களில் சின்னவள் அகல்யா தன் கைப்பேசியைக் கண்டின் மேசையில் தண்ணீர்ப் போத்தல் மேல் சாய்த்து வைத்தாள். பதினோரு பேரும் சோற்றைப் பிசைந்தபடி பார்த்தோம். கடலோரத்தில் ஒல்லியாக, வெள்ளையாக நின்றது அது. பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார்கள். எண்ணிக்கை பன்னிரண்டில் நின்றுவிட்டது. மேலே காற்று பலம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள்.

"நம்ம ஆளுங்க கல்யாணத்துக்கு மேளக்காரன் லேட்டா வர்ற மாதிரி இருக்கு," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எஸ்டேட் முனியாண்டி கோயிலுக்குப் போனோம். ராக்கெட்டுக்கு நேர்த்திக்கடன்! யார் யோசனை என்று கேட்காதீர்கள், என்னுடையதுதான். தேங்காய், சுருட்டு, எலுமிச்சம்பழ மாலை. முனியாண்டி லாரிக்கு, மோட்டாருக்கு, கோர்ட் கேசுக்கு எல்லாம் வழி விட்டவர், ராக்கெட்டுக்கு மட்டும் மாட்டேன் என்பாரா? பூசாரி மருதமுத்து மாமாவுக்கு ஒரே உற்சாகம். தட்டில் சூடத்தைக் கொளுத்தி நீட்டினார்.

"உங்க கை வேலையில ஒரு கொறையும் இல்லன்னு சூடத்துல அடிச்சு சொல்லுங்கம்மா. மிச்சத்த அவர் பாத்துக்குவாரு."

ஒவ்வொருத்தியாகச் சூடத்தின் மேல் கையை வைத்து எடுத்தோம். நானும் வைத்தேன். வைக்கும்போது அந்தக் கோடு கண் முன்னால் வந்தது, இருந்தும் வைத்தேன். கடைசியாகத் தட்டு அக்காவிடம் போனது. அவள் கையைத் தூக்கினாள், பாதியில் நிறுத்தினாள். சூடம் எரிந்து முடிகிற வரைக்கும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். உடம்பு சரியில்லை போல என்று மாமா சொல்லி எல்லாருக்கும் விபூதி கொடுத்தார்.

வேனில் திரும்பும்போது என் காதோடு சொன்னாள்.

"நாளைக்கு மானேஜர்கிட்ட சொல்லிடப் போறேன்."

"பைத்தியமாக்கா? அது பாட்டுக்குப் பறந்துட்டுப் போகுது. உங்கள யார் கேட்டா?"

"யாரும் கேக்கலடி. அதான் முடியல."

"எங்கள நெனச்சுப் பாத்தீங்களா?"

"மூணு மாசமா அத மட்டும்தான் நெனைக்கிறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். திங்கட்கிழமை காலை அவள் மானேஜர் அறைக்குப் போனாள். அரை மணி நேரம் கழித்து வந்து, கோட்டைப் போட்டுக்கொண்டு லென்ஸ் முன்னால் உட்கார்ந்தாள். மானேஜர் அன்றைக்கே ராக்கெட் கம்பெனிக்கு எழுதிவிட்டார்.

இரண்டாம் தடவை எண்ணிக்கை மூன்றில் நின்றது. மூன்று! வாயில் வைத்த சோற்றை நான் விழுங்கக்கூட இல்லை. ஏதோ வால்வில் அழுத்தம் சரியில்லை, தள்ளி வைத்திருக்கிறோம் என்று ஒரு வெள்ளைக்காரி சொன்னாள். 'வால்வு' என்ற சொல் ஒன்றுதான் எங்களுக்கு முழுசாகப் புரிந்தது. பத்துத் தலையும் அக்கா பக்கம் திரும்பின. அதற்குள் அவள் மானேஜரிடம் போய்ச் சொன்ன கதை செக்‌ஷன் முழுக்கத் தெரிந்திருந்தது.

"நல்லா இருங்கக்கா," என்றாள் வேலாயி. அக்கா வேலைக்குச் சேர்த்துவிட்ட முதல் ஆள் அவள்தான். தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். மற்றவர்களும் எழுந்தார்கள்.

அதன்பின் அது தள்ளிப்போனதற்குக் கணக்கே இல்லை. புதன் என்றார்கள், வெள்ளி என்றார்கள், மழை என்றார்கள், ஒரு தடவை கடலில் ஏதோ படகு வந்துவிட்டது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா தனியாக ஒரு மூலையில் தன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். வேனில் யாரும் அவளிடம் பேசுவதில்லை. அகல்யாவின் கல்யாணப் பத்திரிகை எல்லாருக்கும் வந்தது, அவளுக்கு வரவில்லை. நான் மட்டும் பேசுவேன். பேச்சா அது? 'ம்', 'சரி', 'வரேன்' அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. தான் சொன்னதால் அந்த வளையங்களை எடுத்துவிட்டு வேறு போட்டிருப்பார்கள், ராக்கெட் வெடிக்காமல் தப்பிக்கும் என்பதுதான் அது. ஒரு நாள் என்னிடம் சொல்லவும் செய்தாள்.

"வேல போனாலும் போகட்டும். அது வெடிக்காதுல்ல?"

மாசக் கடைசியில் ஆளுக்கொரு கடிதம் வந்தது. ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது, செக்‌ஷன் மூடப்படுகிறது. கணேஸ்வரனை வேறு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

நாங்கள் வேலை செய்த கடைசி நாளில் அது பறந்தது. யாருக்கும் பார்க்க மனசில்லை, இருந்தும் பழக்கதோஷத்தில் அகல்யா போத்தல் மேல் கைப்பேசியைச் சாய்த்தாள். மூன்று, இரண்டு, ஒன்று. கிளம்பியேவிட்டது. புகையைக் கக்கிக்கொண்டு, ஒரு ஆட்டமும் இல்லாமல், நேராக ஏறிப் போனது. அந்த ஊர்க்காரர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். எங்கள் கண்டினில் எல்லாரும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம்.

மூலையிலிருந்து அக்கா எழுந்து வந்தாள். எத்தனையோ வாரத்துக்கு அப்புறம் முகத்தில் வெளிச்சம். பக்கத்து மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த கணேஸ்வரனிடம் கேட்டாள்.

"தம்பி, எந்த வளையம் போட்டாங்களாம்? புதுசா?"

கணேஸ்வரன் கோப்பியைக் கீழே வைத்தான். அவனுக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"நம்மளுதுதான்க்கா. அதே தட்டு. அவங்க எஞ்சினியர் பாத்தாங்களாம், அந்தக் கீறலால ஒண்ணும் ஆகாது, அளவுக்குள்ளதான் இருக்குன்னு சொல்லிட்டாங்க. வால்வுல வந்த பிரச்சன வேறயாம்."

"அப்புறம் ஆர்டர் ஏன் போச்சு?"

"கீறல் தெரிஞ்சும் சாப் அடிக்கிற எடத்துல இனிமே வாங்க மாட்டாங்களாம்."

அக்கா அப்படியே நின்றாள். பத்துப் பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு வாணி. நான் செஞ்சது தப்பா?"

அந்தக் கீறலை லென்ஸில் பார்த்தவள் அந்த அறையில் அவளுக்கு அடுத்து நான் ஒருத்திதான். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலிக்கார மாமியார், அடுத்த மாசம் என்ன செய்வது என்று தெரியாத நான்.

"ஆமாக்கா. தப்புதான்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சாப்பிடாத டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், குழாயடியில் சோற்றைக் கொட்டிக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

சாயங்காலம் சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். கணேஸ்வரன் வந்து பக்கத்தில் நின்றான்.

"நீங்க தப்பிச்சீங்கக்கா. கமலவேணிக்கா போய்ச் சொன்ன அன்னிக்கு மானேஜர் கேட்டாரு, வேற யாராவது கீறலப் பாத்தாங்களான்னு. பாத்துட்டுப் பேசாம இருந்தவங்கள ஒடனே நிப்பாட்டுறதா இருந்துச்சு, சல்லிக்காசு இல்லாம. தானா வந்து சொன்னதால அவங்கள மட்டும் விட்டுட்டாங்க. நானும் அங்கதான் நின்னேன். அவங்க, வேற யாரும் பாக்கலன்னு சொல்லிட்டாங்க. உங்க பேர் மட்டும் இல்ல, எம் பேரும் சொல்லல."

சூடத்தின் மேல் கை வைக்க முடியாதவள், எனக்காக அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாள். வெளியே ஓடினேன். அவள் வேனுக்கு நிற்காமல் நடந்தே போய்விட்டதாகக் காவல்காரர் சொன்னார்.

இது நடந்து ஏழு மாசம் ஆகிறது. நான் இப்போது ஒரு ஹோட்டலில் துணி துவைக்கிறேன். அக்காவுக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை, வெளியிலும் அதிகம் வருவதில்லை என்று கேள்வி. பாச்சாங்கில் அவள் ஃபிளாட் நான் வேலைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. தினமும் பஸ்ஸிலிருந்து மூன்றாம் மாடியைப் பார்க்கிறேன். ஜன்னல் சாத்தியிருக்கும். இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். இன்றைக்கும் இறங்கவில்லை.