மாலை போட்ட சேர்வர்

மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை அந்தப் பெண்ணை இடுப்பில் உதைத்தபோது, என் அம்மா அவளுக்கு அடுத்த ஆளாகத் தேயிலைக் கொழுந்து நிறுக்கக் காத்து நின்றாள். உதை வாங்கியவள் அந்த வேகத்தில் தராசு தொங்கும் இரும்புத் தூணில் போய் மோதினாள். காதிலிருந்து ரத்தம் வழிந்து ரவிக்கையை நனைத்தது. கொழுந்து முற்றிப்போயிருந்ததாம், அதுதான் அவள் செய்த குற்றம். நிறுக்கும் மடுவத்தில் அத்தனை பெண்கள் நின்றார்கள், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவன் அந்தப் பக்கம் போன பிறகுதான் அவளைத் தூக்கினார்கள். அந்தக் காது அவளுக்குப் பிறகு கேட்கவே இல்லை.

கஹவத்தைக்கு மேலே எங்கள் தோட்டம். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. நாட்டில் சண்டை ஓய்ந்துவிட்டது என்று ரேடியோ தினமும் சொன்னது. எங்கள் மலையில் எந்தச் சண்டை ஓய்ந்தது? அடிக்கிறவன் அடித்துக்கொண்டுதான் இருந்தான். நான் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, இரத்தினபுரிக்கு பஸ்ஸில் போய்க் கம்பியூட்டர் படித்து, அதே தோட்டத்து ஆபிஸில் வேலைக்குச் சேர்ந்தவள். வாய்க்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். கையும் சும்மா இருக்காது.

தோட்ட மனேஜரான பெரிய தொரை சிங்களவர், நல்ல மனுஷன். விசாரணை வைத்தார். மடுவத்தில் நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் சொல்கிறேன் என்றாள். ஆனால் அவள் பெயர் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் அவன் கொன்றே போடுவான் என்று பயந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்தேன். "என் ரெண்டு கண்ணால பாத்தேன் சாமி, நாய உதைக்கிற மாதிரி உதைச்சாரு" என்று சொன்னாள். அப்படியே போட்டேன்.

"பய வென்ன எபா, நங்கி" என்று தொரை அம்மாவைப் பார்த்துச் சொன்னார். பயப்படாதே தங்கச்சி என்கிறார் என்று நான் தமிழில் சொன்னேன். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பொட்டியில போட்டது வெளிய போகாதுல்ல?"

"அந்தச் சாமியே வந்து கேட்டாலும் தொறக்காதும்மா. தொரைக்கும் எனக்கும் மட்டுந்தான் சாவி."

அந்த நெஞ்சழுத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆபிஸில் ஒரு சேர்வர் இருந்தது, லினக்ஸ் போட்டது. கிளாக்கர்மார் எல்லாரும் அதற்குள் தங்கள் தங்கள் பெயரில் நுழைந்து வேலை பார்ப்பார்கள். அதற்கு நடுவில் கேர்னல் என்று ஒன்று உண்டு. யார் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பார்த்து அனுமதிப்பது அதுதான். ரூட் என்கிற அதிகாரம் உள்ளவனுக்கு மட்டும் தடையே இல்லை. அவன் அங்கே பெரிய தொரை. அம்மாவின் வாக்குமூலம் ரூட்டுக்கும் தொரைக்கும் மட்டும் திறக்கும் இடத்தில் கிடந்தது.

ஆயுத பூசைக்கு நாலு நாள் முன்னால் மெயிலில் ஓர் எச்சரிக்கை வந்தது. நாங்கள் வைத்திருந்த கேர்னலில் ஓட்டை. கேர்னல் தன் வேலைக்காக ஒரு சின்னப் புரோகிராமை ரூட் அதிகாரத்தோடு எழுப்பும். எழுப்புகிற அந்த ஒரு கணத்தில் சாதாரண ஆள் அதைப் பிடித்துத் தான் சொல்வதைச் செய்ய வைத்துவிடலாம். அப்புறம் அவனும் பெரிய தொரைதான். அதைச் செய்யும் புரோகிராமும் வெளியே சுற்ற ஆரம்பித்துவிட்டதாகப் போட்டிருந்தார்கள். அம்மாவின் பெயர் அந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

டெலிபோன் லைனில்தான் இன்டர்நெட். இடி இடித்தால் அறுந்துவிடும், எங்கள் பக்கம் அந்த மாதங்களில் இடி இடிக்காத பின்னேரம் கிடையாது. மூன்று நாள் அந்த லைனோடு மாரடித்து, ஓட்டையை அடைக்கும் பேட்சை இறக்கினேன். நாலாம் நாள் பூசை. காலையிலேயே போய் உட்கார்ந்து, பேட்சைப் போட்டு, கேர்னலைப் புதிதாகக் கட்டினேன். அந்தக் கிழட்டு மிசினுக்கு அது நாலு மணிநேர வேலை. மதியம் முடிந்தது. புதுக் கேர்னல் டிஸ்க்கில் ஏறிவிட்டது. ஆனால் சேர்வரை ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போட்டால்தான் அது வேலைக்கு வரும். அதுவரைக்கும் ஓடுவது பழையதுதான்.

எழுந்து திரும்பினால், ஸ்டோர் கிளாக்கர் பூசைத் தட்டோடு நிற்கிறான். அவன் கணக்கப்பிள்ளையின் தங்கச்சி புருஷன். அவனுக்கும் கொஞ்சம் கம்பியூட்டர் தெரியும், டவுனில் கோர்ஸ் செய்தவன். மூன்று நாளாக என் தோளுக்குப் பின்னால் நின்று "என்னாங்க அது, என்னாங்க அது" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நானும் பெருமைக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். ஓட்டை எங்கே, அது வழியாக என்னவெல்லாம் செய்யலாம், எல்லாம். கேட்க ஆள் கிடைத்தால் எனக்கு வாய் நிற்காது.

தோட்டத்தில் ஆயுத பூசை என்றால் பெக்டரி மிசின் முதல் லொறி வரைக்கும் கழுவிப் பொட்டு வைப்போம். கற்பூரம் காட்டிய பிறகு மறுநாள் காலை வரைக்கும் ஒருத்தரும் ஆயுதத்தைத் தொடமாட்டார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக்கூட எடுக்கமாட்டார்கள். தலைமை ஆபிஸ் மெயிலுக்காகச் சேர்வரை மட்டும் அணைக்காமல், ஓடும்போதே பூசை போடுவது எங்கள் ஆபிஸ் வழக்கம். அவன் சேர்வருக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, மேலே செவ்வந்தி மாலையைச் சுற்றினான்.

"கொஞ்சம் இருங்க, இத ஒருக்கா நிப்பாட்டிப் போடணும்" என்றேன்.

"ஐயையோ, மால போட்டாச்சேங்க! சாமி கும்புட்ட மிசின அணைச்சா வெளங்குமா? நாளைக்குக் காலையில போட்டுக்கங்க. ஒரு நாள்ல என்னா குடியா முழுகிரும்?"

கற்பூரத்தைக் கொளுத்திவிட்டான். எனக்குக் கை வரவில்லை. படித்தவள், கேர்னல் கட்டுகிறவள், பொட்டு வைத்த பெட்டியின் சுவிட்சைத் தொடப் பயந்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு, ஒரு கை சுண்டலை வாங்கித் தின்றுகொண்டே லயத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் எட்டு மணிக்கு ஆபிஸில் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் அக்கா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"ஏ புள்ள, ஒங்கம்மாவ வெட்டிப்புட்டான்டி!"

நாலாம் நம்பர் மலைக்கு எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. தேயிலைச் செடிக்கு இடையில் அம்மா கிடந்தாள். கூடை உருண்டு போய்க் கொழுந்தெல்லாம் சிதறிக் கிடந்தது. கணக்கப்பிள்ளையும் இன்னும் இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள். முதலில் பிரம்பால் முதுகில் அடித்திருக்கிறார்கள். விழுந்தவளை மிதித்திருக்கிறார்கள். பிறகு அவன் கவ்வாத்துக் கத்தியை ஓங்கியிருக்கிறான். அம்மா தலையை மறைக்க வலது கையைத் தூக்கியிருக்கிறாள். கையில் விழுந்த வெட்டு நடு மூன்று விரல்களின் அடியை எலும்பு வரைக்கும் பிளந்துவிட்டது. பெண்கள் கூச்சல் போட்டுக் கல்லெறிந்த பிறகுதான் அவர்கள் ஓடினார்கள். அன்றைக்காவது எறிந்தார்களே.

அம்மாவின் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். கொழுந்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது அம்மா என் மடியில் முனகிக்கொண்டே வந்தாள்.

"நான் சொன்ன சொல்லு மாறாம சொல்லிச் சொல்லி அடிச்சான்டி. 'ரெண்டு கண்ணால பாத்தியா, நாய உதைக்கிற மாதிரி உதைச்சேனா'ன்னு கேட்டுக் கேட்டு மிதிச்சான்."

அந்த வார்த்தைகளை டைப் செய்தவள் நான். அவை அந்தப் பெட்டியைத் தவிர வேறு எங்கேயும் இல்லை.

அம்மாவை உள்ளே எடுத்துக்கொண்டதும் கூட வந்த சின்னம்மாவை வாசலில் இருத்திவிட்டு அதே லொறியில் திரும்பினேன். போட்டிருந்த சட்டை ரத்தத்தில் காய்ந்து விறைத்திருந்தது. ஸ்டோர் கிளாக்கர் தன் மேசையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கோப்பையை வைத்தான். அவன் முன்னால் இருந்த கீபோர்ட்டை வயரோடு பிடுங்கி மூஞ்சியில் ஓங்கி அடித்தேன். பழைய காலத்துக் கனத்த கீபோர்ட். மூக்கு உடைந்தது. உட்கார்ந்திருந்த கதிரையோடு பின்னால் விழுந்தான். விழுந்தவனை விடவில்லை, எழுத்துக் கட்டைகள் தெறித்துத் தரையெல்லாம் உருள உருள அடித்தேன். எங்கம்மாவை மிதித்த மாதிரியே மிதித்தேன். கொன்றிருப்பேன், பொய் சொல்லவில்லை. தொரை ஓடி வந்து என் இரண்டு கையையும் பின்னால் பிடித்து இழுத்தார்.

"எத்தி, நங்கி, எத்தி! மெரெய்!"

போதும், செத்துவிடுவான் என்கிறார். சாகட்டும் என்று நான் சிங்களத்திலேயே கத்தினேன்.

"ஆதாரம் வேணும்" என்றார் தமிழில். அந்தச் சொல்தான் என்னை உட்கார வைத்தது.

சேர்வரில் நுழைந்து அவன் பெயரில் கிடந்ததைத் திறந்தேன். புத்திசாலி, பொதுப் பதிவேடுகளை எல்லாம் அழித்திருந்தான். தன் பெயரில் தான் அடித்த கட்டளைகள் தனியாகச் சேர்ந்துகொண்டே போகும் என்பதை மட்டும் மறந்துவிட்டான். பூசை நாள் பின்னேரம், நாங்கள் எல்லாரும் சுண்டல் தின்றுவிட்டுப் போன பிறகு, மாலை போட்ட சேர்வரில் உட்கார்ந்திருக்கிறான். வெளியே சுற்றிய அந்த ஓட்டைப் புரோகிராமை ஓட்டி ரூட் ஆகியிருக்கிறான். ஆனதும் முதல் வேலையாக அம்மாவின் வாக்குமூலத்தைத் திறந்திருக்கிறான். சாமிக்கு ஆகாது என்று என்னைத் தடுத்தவன், கற்பூர வாசனை போகும் முன்னால் தொட்டிருக்கிறான்!

எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துத் தொரையிடம் கொடுத்தேன். அவர் பொலிசுக்குப் போன் செய்தார். அதற்குப் பிறகு சேர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டேன். புதுக் கேர்னல் இரண்டு நிமிஷத்தில் எழுந்து வந்தது. இரண்டே நிமிஷம். சுவிட்சில் குங்குமமும் ரத்தமும் ஒன்றாக ஒட்டியிருந்தன.

பொலிஸ் கணக்கப்பிள்ளையைக் கொடகவெல போகும் பஸ்ஸில் வைத்துப் பிடித்தது. மூக்கில் கட்டோடு மச்சானும் உள்ளே போனான். நான் அடித்ததற்கும் கேஸ் விழுந்தது, அதற்காக நான் வருத்தப்படவில்லை. அம்மாவின் விரல்கள்தான் மடங்கவே இல்லை. டாக்டர் தையல் போட்டார், நரம்பு ஒட்டவில்லை. இருபத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்த கை அது.

கட்டுப் பிரித்த அன்று பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேட்ச் கையில் இருந்தது, மதியமே முடிந்துவிட்டது, மாலையைப் பார்த்து நான்தான் நிறுத்தாமல் விட்டேன், அவனுக்கு ஓட்டையைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான் என்றேன். அம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு இடது கையால் அறைந்தாள். பழக்கமில்லாத கை, கன்னத்தில் படாமல் காதில் விழுந்தது. குய்யென்று இரைந்தது.

"சாமியே வந்தாலும் தொறக்காதுன்னியேடி, பாவி."

இரண்டு பேரும் அழுதோம். வார்டே திரும்பிப் பார்த்தது. அழுது முடித்துவிட்டு அம்மா மூக்கைச் சிந்தினாள்.

"நான் சொன்னத மறுபடி எழுது. இந்தத் தடவ பூட்டாத. மடுவத்துல ஒட்டு."

"அம்மா, அவனுக்குப் பிணை கெடைச்சாலும் கெடைக்கும்."

"ஒளிச்சு வச்சுத்தானே வெட்டு வாங்குனேன். ஒட்டுடி."

மறுநாள் பின்னேர நிறுவைக்கு முன்னால், அந்தப் பெண் மோதிய அதே இரும்புத் தூணில் ஒட்டினேன். பெண்கள் கூடையை இறக்காமல் சுற்றி நின்றார்கள். பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. வாசிச்சுச் சொல்லு என்றார்கள். காது கேட்காமல் போனவள் நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். முதல் வரியில் அம்மாவின் பெயர் இருந்தது. அதைச் சத்தமாக வாசித்தேன்.