எல்லாரும் பார்க்கலாமா

நகர நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள். கழுத்தில் விசில் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை என்பதால் விசிலக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்விட்டு மறுபடி வந்து இழுத்துப் பார்க்கும் ரகம். அவளைப் போய், எந்தப் படத்தை எந்த வயதினர் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் குழுவில் பொதுமக்கள் சார்பாகப் போட்டார்கள்.

"படம் பாக்கப் போறியா, பரீட்சை எழுதப் போறியா?" என்று கணவர் கேலி செய்தார்.

அன்று வந்தது ஒரு மோசடிக்காரனின் கதை. வெட்டு, குத்து எதுவும் கிடையாது. மீட்டர் பார்க்க வந்தவன் போல ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான். தனியாக இருக்கும் சிறுமி திறக்கிறாள். காதிலிருந்து நாணயம் எடுத்துக் காட்டி அவளைச் சிரிக்க வைத்தே மாற்றுச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். குழுவே சிரித்தது. விசிலக்காவும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அந்தச் சிறுமி கதவைத் திறந்த விதம் உறுத்தியது.

"ரத்தம் இல்ல, கெட்ட வார்த்தை இல்ல. எல்லாரும் பாக்கலாம்னு குடுத்துடலாமே?" என்றார் தலைவர். ஓய்வு பெற்ற நீதிபதி.

"கடைசில போலீஸ்ல மாட்டிக்கிறானே. பசங்களுக்குப் புரியும்" என்றார் மனநல மருத்துவரான அம்மாள்.

"எனக்கு ஒரு ரெண்டு நாள் குடுங்க சார். மனசு ஒப்பல" என்றாள் விசிலக்கா. தலைவர் முடிவை ஒத்திவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளிடம் கேட்டாள்: "நான் இல்லாதப்போ மீட்டர் பாக்கணும்னு யாராவது வந்தா என்ன பண்ணுவே?"

"ஆளு எப்படி இருப்பாரு?"

"சிரிச்ச முகமா, நல்லவர் மாதிரி."

"அப்போ தொறப்பேன்."

விசிலக்கா மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அந்தப் படக் கதையை அப்படியே சொன்னாள். அவன் விதவிதமாக வேஷம் போடுவதையும், யார் குரலிலும் பேசுவதையும் சொன்னாள். மாட்டிக்கொள்வதை மட்டும் சொல்லவில்லை. பயம் இருக்கட்டுமே என்று நினைத்தாள்.

மறுநாள் குளத்தில் மோட்டார் பழுதாகி அவளால் நேரத்துக்குக் கிளம்ப முடியவில்லை. மகளுக்குத் துணையாக இருக்கச் சொல்லித் தம்பியை அனுப்பினாள். சற்று நேரத்தில் அவனிடமிருந்து போன்.

"அக்கா, உன் பொண்ணு கதவைத் தொறக்க மாட்டேங்குறா. உள்ள அழுதுக்கிட்டே இருக்கா. நீ சீக்கிரம் வா."

ஈர உடையோடு ஓடினாள். தம்பி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். உள்ளேயிருந்து விக்கல் விக்கலாகக் குரல் வந்தது: "நீங்க மாமா மாதிரி நடிக்கிறீங்க!"

"நான்தான்டி, அம்மா. தொற."

"அம்மா மாதிரியும் பேசுவான்னு நீதானே சொன்னே?"

சமையலறை ஜன்னல் பக்கம் ஓடி, கம்பியில் முகத்தை அழுத்திக் காட்டினாள். பிள்ளை வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தது. திறந்ததும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது.

குழு மீண்டும் கூடியபோது நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "படம் பயமுறுத்தல சார். பாதிக் கதை சொல்லி நான்தான் பயமுறுத்திட்டேன். ஆனா சந்தேகம் கேக்க ஆள் இல்லாம ஒரு பிள்ளை தனியா பாத்தா, அந்த ஆளை நம்பிடும். பக்கத்துல யாராவது பெரியவங்க உக்காந்து பாக்கணும்."

மருத்துவர் அம்மாள் கடைசிவரை உடன்படவில்லை. நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி யோசித்தார். சிறுவர்கள் பெரியவர்களோடு மட்டுமே பார்க்கலாம் என்று பெரும்பான்மையில் முடிவானது.

படம் வெளியானதும் குளத்துக்கு வந்த ஒரு தாய், "இதையெல்லாம் எப்படி விட்டீங்க?" என்று சண்டைக்கு வந்தாள். இன்னொருத்தி, "தியேட்டர்ல என் பையனைத் தனியா உள்ள விடல, எல்லாம் உங்களால" என்று முறைத்தாள்.

விசிலக்கா மகளைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாணய வித்தைக்கு மகள் கைதட்டினாள். சாவி கைமாறியபோது அம்மாவின் விரலை இறுக்கிப் பிடித்தாள். அவனைப் போலீஸ் இழுத்துப் போகும்போது கண் கலங்கினாள்.

"பாவம்மா அவரு. நல்லவராத்தானே இருந்தாரு?"

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் இருவரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள்.