பின்பலகைக்குள் இருந்த மரம்

கப்பலூரில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் அப்போது வேலை பார்த்தேன். படகில் ஏறியதுகூட இல்லை. ஆனால் என் மனைவியின் அண்ணன் விடவில்லை. அந்த வருஷம் நல்ல மழை. ஊர்க் கண்மாயில் ஞாயிற்றுக்கிழமைகளில் படகு விடப் பஞ்சாயத்தில் அனுமதி வாங்கிவிட்டார். திருமங்கலம் பக்கம் ஒரு தோப்பில் பழைய ஃபைபர் படகு விலைக்கு வந்திருந்தது.

"தொட்டியும் ஃபைபர், படகும் ஃபைபர். நீ பாத்துச் சொன்னா வாங்கிருவேன் மாப்ள" என்றார்.

படகுக்காரர் மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாத்தியார். படகைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். மச்சானுக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. நான் சுத்தியலின் கைப்பிடியால் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனேன். பக்கவாட்டில் கணீரென்று கேட்டது. மோட்டார் மாட்டும் பின்பலகையில் மட்டும் சத்தம் செத்துப்போனது.

அந்தப் பலகை முழுக்க ஃபைபர் இல்லை. நடுவே ஒட்டுப்பலகை வைத்து, இரண்டு பக்கமும் ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். திருகாணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே மரம் மக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. தொட்டியின் அடியில் வைக்கும் மரச்சட்டங்களிலும் அப்படி நடந்து பார்த்திருக்கிறேன்.

"சின்னதா ஒரு துளை போட்டுப் பாக்கலாமா சார்?" என்று தயங்கிக் கேட்டேன்.

வாத்தியார் அந்தப் பலகையை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, "போடுங்க" என்றார்.

டிரில் முனையோடு வெளியே வந்தது மரத்தூள் இல்லை. ஈரமான கறுப்புச் சக்கை. மச்சான் அதை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"வேகமாப் போனா பின்னாடி ஆடும். பயந்துதான் எடுக்காம விட்டேன். ஏன்னு இப்பத்தான் தெரியுது" என்றார் வாத்தியார். அவர் மறைக்கவில்லை, அவருக்கே தெரியவில்லை.

எனக்கு இப்போது அடிப்பாகத்தை நினைத்துத்தான் பயம். அதற்குள்ளும் மரம் இருந்தால் படகு அவ்வளவுதான். மூன்று பேரும் சேர்ந்து வெயிலில் ஒருக்களித்து நிறுத்தினோம். நான் உட்பக்கம் குனிந்துகொண்டு, மச்சானை வெளிப்பக்கம் கையை வைத்துத் தடவிக்கொண்டே போகச் சொன்னேன். மச்சானின் ஐந்து விரல்களும் நிழலாகத் தெரிந்தன. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் அப்படியே. வெறும் ஃபைபர் என்றால் வெயில் ஊடுருவும்; நடுவில் மரம் இருந்தால் வெளிச்சம் வராது.

"அடியில மரமே இல்ல மச்சான். பின்பலகைய மாத்துனாப் போதும்."

"அம்புட்டுதானா?" என்றவர், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் தானாகவே விலையைக் குறைத்தார். மச்சான் வாங்கிக்கொண்டார்.

அடுத்த இரண்டு வாரம், வேலை முடிந்ததும் அந்தத் தோப்புக்குப் போனேன். உள்பக்கத்து ஃபைபர் தோலை வெட்டி, மக்கிய மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, புதுப் பலகை வைத்து ஃபைபர் போர்த்தினேன். கண்மாயில் இறக்கியபோது முதலில் நானும் மச்சானும் மட்டும் ஆறேழு மணல் மூட்டையோடு சுற்றி வந்தோம். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. அதற்குப் பிறகுதான் என் மனைவியையும் மகளையும் ஏற்றினேன்.

"நீ சொல்லலேன்னா அப்படியே புள்ளைகளை ஏத்தியிருப்பேன் மாப்ள" என்றார் மச்சான், கரையேறும்போது.

நான் படகைக் கரையில் இழுத்துக் கட்டினேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போய் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வரை தூங்கினேன்.