பரிமளம் வாய் திறக்காத கிழமை

இறுப்பிட்டியில் ஒரு கலியாணம் சரிவர வேண்டுமென்றால் சாதகம் பொருந்த வேண்டும், பரிமளமும் வீட்டில் நிற்க வேண்டும். சாதகம் பொருந்தாவிட்டாலாவது ஏதும் பரிகாரம் செய்யலாம்.

காரணம் வேறொன்றுமில்லை. அவளுடைய வீடு சந்திக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெண்ணைப் பற்றி விசாரிக்க வரும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு வாசல் படலைக்கு நேரே போகமாட்டார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டில் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு நுழைவார்கள். "இங்கை காணி ஒண்டு விலைக்கிருக்கெண்டு கேள்விப்பட்டம்" என்று தொடங்குவார்கள். காணி பார்க்க யார் பட்டுச் சேலை உடுத்து வருகிறார்கள்? பரிமளம் அதைக் கண்டுகொள்ளாதவள்போலக் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, வாயைத் திறப்பாள். பிறகு அவளுடைய வாய் மூடுவதற்குள் வந்தவர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும்.

அவள் வாயில் ஊரில் கெட்ட பிள்ளை கிடையாது. சண்டைக்காரி என்றால் "துணிஞ்ச பிள்ளை". பகல் முழுக்கப் படுத்துக் கிடக்கிறவன் "ஆரோடையும் சோலிசுரட்டுக்குப் போகாத பெடியன்". கள்ளுத் தவறணையே கதியென்று கிடக்கும் தகப்பன் "நல்ல பம்பலான, சிரிப்புக் காட்டுற மனிசன்". பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஆட்களின் நல்ல பக்கம்தான் அவளுடைய கண்ணுக்கு முதலில் படும். மற்றப் பக்கம் தெரிய வருவதற்குள் அவள் அரைவாசி சொல்லி முடித்திருப்பாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் குரல் போனது. தடிமன் பிடித்து மூக்கு வடிந்துகொண்டிருந்த நேரத்தில், முற்றத்தில் காயப்போட்டிருந்த பனங்கிழங்கு ஒடியலில் யாருடையவோ ஆடுகள் வாய் வைத்துவிட்டன. பரிமளம் ஆடுகளையும், ஆட்டுக்காரனையும், ஆட்டுக்காரனின் பரம்பரையையும் சந்தி அதிரத் திட்டித் தீர்த்தாள். விடிந்து எழும்பி வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

ஆசுப்பத்திரிக்கு அவளை அழைத்துக்கொண்டு போனவள் பக்கத்து வீட்டு வினோஜா. அங்கே கஜானி என்ற இளம் டொக்டர் தொண்டைக்குள் லைற் அடித்துப் பார்த்தார்.

"அம்மா, தொண்டைக்குள்ளை குரல்நாண் எண்டு ரெண்டு மடிப்பு இருக்கு. நாங்கள் கதைக்கேக்கை அது ரெண்டும் ஒண்டோடை ஒண்டு முட்டி அதிரும். உங்களுக்குத் தடிமனாலை அது வீங்கிப்போச்சு. வீங்கினதோடை நீங்கள் கத்தியும் இருக்கிறியள். இனி அது எப்பிடி ஒழுங்கா அதிரும்?"

மருந்து எங்கே என்று பரிமளம் கையை நீட்டினாள்.

"கதையாமல் இருக்கிறதுதான் மருந்து. தண்ணி நிறையக் குடியுங்கோ, ஆவி பிடியுங்கோ. சும்மா சும்மா தொண்டையைச் செருமக் கூடாது. ஒரு கிழமை, கூடினால் ரெண்டு கிழமையிலை குரல் வந்திடும். மூண்டு கிழமைக்கு மேலை இழுத்தால் கட்டாயம் வாங்கோ, உள்ளுக்குப் பாக்க வேணும்."

பரிமளம் தலையாட்டிவிட்டு, வினோஜாவின் காதுக்குள் குசுகுசுவென்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அதுவும் கூடாது! குசுகுசுத்தாலும் குரல்நாண் கஷ்டப்படும்."

பரிமளத்தின் முகம் செத்துவிட்டது. குசுகுசுப்புக்கும் தடை விதித்தால் ஒரு மனிசி எதைத்தான் நம்பி உயிர் வாழ்வது?

அடுத்த நாட்களில் வினோஜா காலையும் மாலையும் வந்து ஆவி பிடிக்கத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். பரிமளம் கோழிக்கு "பா... பா..." என்று வாயசைத்தாலும் ஏச்சு விழுந்தது. வினோஜா முன்பள்ளி ரீச்சர். இந்த நாட்களில் அவளுடைய மனம் முன்பள்ளியிலும் இல்லை, ஆவிச் சட்டியிலும் இல்லை. வேலணை நிமலனும் அவளும் ஒரே பஸ்ஸில் போய் வந்து ஒருவருக்கொருவர் பிடித்துப்போய், அதைப் பெரியவர்கள் பேசிச் செய்யும் கலியாணமாக மாற்றத் தரகர் வல்லிபுரத்தை நடுவில் விட்டிருந்தார்கள். சாதகமும் பொருந்திவிட்டது. இனி நிமலனின் தாய் விசாரிக்க வரவேண்டியதுதான் பாக்கி.

வினோஜா முன்பள்ளிக்குப் போயிருந்த நேரம் அவர்கள் வந்தார்கள். தாய் சறோஜினிதேவி, அவருடைய தம்பி சிவபாதம். காணி, தண்ணீர், வெயில் எல்லாம் தாங்களே பேசி முடித்து, "பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்பிடி?" என்று தாய் கேட்டார்.

கலியாண விசாரணைக்கென்று ஒரு தனிப் பாஷை இருக்கிறது. "நல்ல பிள்ளை" என்று உடனே சொன்னால் நல்ல பிள்ளை. "பிள்ளையிலை பிழை சொல்லேலாது" என்றால் தாய் தகப்பனில் பிழை. "எங்களுக்கு அவையோடை பெரிசாப் பழக்கமில்லை" என்றால் எழும்பிப் போய்விடலாம். ஒன்றுமே சொல்லாமல் இருந்தால்? அதற்கு மேல் கெட்ட பதில் அந்தப் பாஷையில் கிடையாது.

பரிமளம் தொண்டையைப் பிடித்துக் காட்டித் தலையை ஆட்டினாள். 'சொல்ல வாய் வரேல்லையாக்கும்' என்று தாய் நினைத்தார். பரிமளம் பதறிப்போய் இரண்டு கையையும் விரித்தாள். 'கையை விரிச்சிட்டா' என்று தம்பி நினைத்தார். எழுதிக் காட்டுவோம் என்று ஃபோனை எடுத்து ஒற்றை விரலால் எழுத்துத் தேடத் தொடங்கினாள். "உங்களுக்கு வேலை இருக்குப்போலை, நாங்கள் வாறம்" என்று இருவரும் எழும்பிவிட்டார்கள். பரிமளம் படலை வரை ஓடினாள். துரத்திக்கொண்டு வருகிறாள் என்றுகூட அவர்கள் நினைத்திருக்கலாம்.

பின்னேரம் வினோஜா கண் சிவந்து வந்து நின்றாள்.

"மாமி, வேண்டாமாம். ஆரையும் நல்லதெண்டு சொல்லுற மனிசியே வாய் திறக்கேல்லையெண்டால் எவ்வளவு பிழை இருக்க வேணும் எண்டு கேக்கினமாம். உங்களுக்குக் குரல் இல்லையெண்டு தரகர் சொல்லிப் பாத்தவர். நல்ல சாட்டு எண்டு சிரிச்சவையாம்."

இத்தனை வருடம் ஊரில் இருந்தவர்கள், போனவர்கள் எல்லாருக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்த வாய், சொந்தப் பிள்ளைபோல வளைய வருகிறவளின் கலியாணத்தைக் குழப்பிவிட்டதே என்று பரிமளத்துக்கு அழுகை வந்தது. அழுதாலும் சத்தம் வரவில்லை.

விடிந்ததும் அவள் வேலணைக்குப் பஸ் ஏறினாள். வழக்கமாகப் பின் சீற்றில் இருந்துகொண்டு முன் சீற்றுக்காரரோடு கதைப்பவள் பேசாமல் இருப்பதைப் பார்த்த கொண்டக்டர், "என்னக்கா, ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று துக்கம் விசாரித்தார்.

சறோஜினிதேவி அவளைப் படலையில் கண்டு திகைத்தார். பரிமளம் நேரே போய் அவர் முன்னால் நின்று, முழுப் பலத்தையும் கூட்டி "வினோஜா" என்று சொல்லப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்ததே தவிரச் சொல் வரவில்லை.

"ஐயோ, மெய்யாவே குரல் இல்லை!" என்று சறோஜினிதேவி அவளைப் பிடித்து இருத்தினார். "கதைக்க வேண்டாம் அக்கா. நான் கேக்கிறன், நீங்கள் தலையை மட்டும் ஆட்டுங்கோ. பிள்ளைக்குக் கோவம் வருமோ?"

வாய் இருந்திருந்தால் "சீச்சீ, பச்சைப் பசு" என்று தொடங்கியிருப்பாள். நாக்கால் எதையும் பூசி மெழுகலாம். கழுத்தால் எப்படி மெழுகுவது? வரும் என்று தலையாட்டினாள்.

"கனக்க வருமோ?"

யோசித்துப் பார்த்துவிட்டு அதற்கும் ஆட்டினாள்.

"உங்களோடையும் சண்டை பிடிச்சவளோ?"

பரிமளம் தொண்டையைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து, கண்ணை உருட்டி, வினோஜா ஏசுகிறதுபோல் கையை ஓங்கிக் காட்டினாள். பிறகு சட்டியை இறக்கி வைத்து, தலைக்கு மேல் போர்வை மூடி, முதுகைத் தடவிக் கொடுக்கிறதுபோல் செய்து காட்டினாள். சறோஜினிதேவி வாய்விட்டுச் சிரித்தார். கூட இருந்த சிவபாதத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்ணுக்குக் கோபம் வரும் என்று ஒருவர் பஸ் ஏறி வந்து சாட்சி சொல்வதை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"கடைசியா ஒண்டு கேக்கிறன் அக்கா. உங்கடை மகனெண்டால் இந்தப் பிள்ளையைச் செய்து வைப்பியளோ?"

இதற்கும் தலையாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் பரிமளத்தின் தலை ஆடவில்லை. அவளுக்குத் தேனுஜன் என்று ஒரே மகன். பிரான்சில் இருக்கிறான். வினோஜாவை அவனுக்குக் கேட்க வேண்டும் என்று அவள் ஆசை ஆசையாய் நினைத்து, நல்ல நாள் பார்த்து வாய் திறப்போம் என்றிருந்தபோது, அவன் அங்கே தனக்குப் பிடித்த ஒருத்தியோடு நிற்கும் படத்தை அனுப்பினான். அந்த மருமகளும் நல்ல பிள்ளைதான், சத்தியமாக நல்ல பிள்ளை. ஊரிலுள்ள எல்லாக் கதையையும் எல்லாரிடமும் சொன்னவள் இந்த ஒன்றை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"பாத்தியோ அக்கா, திரும்பவும் பதில் இல்லை" என்று சிவபாதம் தமக்கையிடம் முணுமுணுத்தார்.

சறோஜினிதேவி அவரைச் சும்மா இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். கதிரையைப் பரிமளத்துக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"உங்கடை பெடியனுக்குக் கேக்க இருந்தனீங்களோ?"

பரிமளம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓமென்று மெல்லத் தலையசைத்தாள்.

சறோஜினிதேவி எழும்பிப் போய் ஃபோனை எடுத்துத் தரகருக்கு அடித்தார்.

"வல்லிபுரமண்ணை, கலியாணத்துக்கு நாள் பாருங்கோ."

தரகருக்குத் தலைகால் புரியவில்லை. "நேற்று வேண்டாமெண்டியள்? அந்த மனிசி வந்து அப்பிடி என்னதான் சொன்னது?"

"அவ ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. நீங்கள் நாளைப் பாருங்கோ."