அப்பாவுக்குப் படித்துக் காட்டிய நோட்டு

பதினான்கு வயதில் நான் கைதேர்ந்த மொழிபெயர்ப்பாளன். மூலத்தில் இல்லாததை மட்டும்தான் மொழிபெயர்ப்பேன்.

யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் தின்றுவிடும் பழக்கம் அப்போது எனக்கு இருந்தது. பசி என்று சொல்ல முடியாது. ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, அவ்வளவுதான். முடிந்ததும் காலிக் கவர்களைப் புத்தகப்பைக்குள் திணித்துவிட்டுக் கொஞ்சம் அழுவேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு சாப்பாட்டுக்கும் முதல் ஆளாக வந்து உட்காருவேன். அம்மா பையைத் துவைக்க எடுத்த அன்று குட்டு உடைந்தது.

நாங்கள் குடியிருந்த மைசூரிலேயே ஒரு கவுன்சலிங் மேடத்திடம் கூட்டிப்போனார்கள். அவர் மாத்திரை எதுவும் தரவில்லை. ஒரு பயிற்சிப் புத்தகமும் நோட்டும் தந்தார். வேளைக்குச் சாப்பிட வேண்டும், பட்டினி கிடக்கக் கூடாது. சாப்பிட்டதை அப்போதே எழுத வேண்டும்: எத்தனை மணி, எங்கே, என்ன, மனசு எப்படி. வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் அவர் பார்ப்பார். மீதியெல்லாம் என் பாடு.

எனக்கு எழுதத் தெரிந்தது கன்னடம்தான். அதனால் தைரியமாக உள்ளபடியே எழுதினேன்: "நாலு மணி. மொட்டைமாடி. ரஸ்க் ஒரு பாக்கெட், தில்பசந்த் முழுசு. பசியில்லை. கிளாஸில் டும்மா என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள்." தில்பசந்த் என்றால் தேங்காய்ப் பூரணம் வைத்த பேக்கரி ரொட்டி; டும்மா என்றால் குண்டன்.

ஃபேக்டரியிலிருந்து வந்ததும் அப்பா பக்கத்தில் உட்காருவார். "என்ன சாமி எழுதுன? படி, கேக்கலாம்."

தமிழ்க் கல்யாணப் பத்திரிகை வந்தால் அம்மாதான் அவருக்குப் படித்துச் சொல்வாள். ஆகவே அப்பா எழுத்தறியாதவர் என்பது என் முடிவு. நோட்டை அவர் மடியிலேயே விரித்து, வரிவரியாக விரல் வைத்து வாசிப்பேன். "நாலு மணிக்கு ஒரு வாழப்பழம். மனசு சந்தோசமா இருந்துச்சு."

"ஒன்னேதானா?"

"ஒன்னேதாம்ப்பா."

"செரி வா, சாப்பிடலாம்."

டும்மா வரியை 'விளையாட்டு பீரியட்' என்று பெயர்த்த நாளில் அப்பா அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையெழுத்து அழகு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைப் படித்திருக்கலாம். ஆனால் உலகத்தில் அவர் ஒருவர் முன்னால்தான் நான் டும்மாவாக இல்லை. அதை இழக்க மனசு வரவில்லை.

ஆறாவது வாரம் மேடம், பெற்றோர் எழுத வேண்டிய தாள் ஒன்றை, கூட வந்திருந்த அப்பாவிடம் நீட்டினார். "குடுப்பா, நான் எழுதறேன்" என்று கை நீட்டினேன். அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, முத்து முத்தாகக் கன்னடத்தில் எழுத ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவர் பிறந்த கர்நாடகத்துக் கிராமமான மார்டள்ளியில் பேச்சு தமிழ், அவர் படித்த பள்ளிக்கூடம் கன்னடம்.

வீட்டுக்கு வந்ததும் அதே குரல். "என்ன சாமி எழுதுன? படி."

இந்த முறை விரல் வைத்த வரியையே வாசித்தேன். "மூனு மணி. பன்னு, ஆறு. பசியில்லப்பா. மேடத்தப் பாக்கப் போகணும்னு பயமா இருந்துச்சு."

அப்பா முதல்முறை கேட்பவர்போலக் கேட்டார். "அப்பறம்?"

"அவ்வளவுதாம்ப்பா."

"செரி வா, சாப்பிடலாம்."

எல்லாம் தெரிந்துகொண்டே ஆறு வாரமும் நடித்திருக்கிறார்! ஆத்திரத்தில் அவர் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றேன். அவர் தட்டை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். நான் நோட்டை எடுத்து எழுதினேன்: எட்டு மணி. அப்பா பக்கத்தில். அப்பளம் ஒன்று. மனசு: கோபம்.

அது கோபமில்லை என்று தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.