தொண்ணூற்று மூன்று போடாத லாரி

பெட்ரோலில் ஆக்டேன் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். என் வீட்டுக்காரரைத் திருடன் என்று சொன்னார்கள், அதனால் கற்றுக்கொண்டேன். இல்லாவிட்டால் கிரீஸ் நாற்றமடிக்கும் பட்டறையில் போய் நிற்க எனக்கென்ன தலையெழுத்தா?

எழுபதுகளின் கடைசியில் என் அண்ணனிடம் ஒரு பழைய லாரி இருந்தது. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பெட்ரோல் வண்டி. ஊரெல்லாம் டீசலுக்கு மாறிவிட்ட காலத்திலும், மலிவாகக் கிடைத்ததே என்று அதைக் கட்டிக்கொண்டு அழுதான். ஓட்டினவர் என் வீட்டுக்காரர். விடியற்காலையில் வீராம்பட்டினம் கரையில் மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போவார். நாங்கள் ரெட்டியார்பாளையத்தில் குடியிருந்தோம். எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது ஒரு ஹாரன் அடிப்பார், நான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

ஒரு கோடையில் இஞ்சின் சூடேறி அதன் மேல்மூடியான ஹெட் வளைந்துவிட்டது. மொத்தத்தையும் பிரித்து வேலை பார்த்தார்கள். பிஸ்டன் புதுசு, ரிங் புதுசு. வளைந்த ஹெட்டை மட்டும் லேத்தில் கொடுத்துச் சீவினார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஹெட்டைச் சீவினால் உள்ளே இடம் குறையும். பெட்ரோலும் காற்றும் முன்னைவிட நெருக்கி அழுத்தப்படும். அதைத் தாங்காத பெட்ரோல், பிளக் வைத்த தீ பரவி வருவதற்குள் ஒரு மூலையில் தானாக வெடித்து பிஸ்டன் தலையில் அடிக்கும். அப்படி வெடிக்காமல் பொறுத்திருக்கும் குணத்துக்குத்தான் ஆக்டேன் என்று எண் போட்டிருக்கிறார்கள். பங்க்கில் அப்போது எண்பத்து மூன்று என்று ஒன்று, தொண்ணூற்று மூன்று என்று ஒன்று. எண் கூடினால் வேகம் கூடாது, பொறுமைதான் கூடும். எனக்கு அது எப்போதுமே கொஞ்சம் கம்மி.

"இனிமே தொண்ணூத்தி மூணுதான் போடணும்" என்று சொல்லித்தான் பட்டறை மேஸ்திரி வண்டியைக் கொடுத்தார். அண்ணன் கேட்பானா? "மீன் வண்டிக்கு எதுக்குய்யா பன்னீரு?" என்று சிரித்தான். பழைய எண்பத்து மூன்றையே போடச் சொன்னான். மேடு ஏறும்போதெல்லாம் தகர டப்பாவில் புளியங்கொட்டையைக் குலுக்கின மாதிரி இஞ்சின் சத்தம் போட்டது. "மச்சான், வண்டி தட்டுது" என்று இவர் போய்ச் சொன்னார். "நீங்க கியர் போடுற லட்சணம் அப்புடி, மாப்ள" என்று பதில் வந்தது. அதையும் வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அவர் சுபாவம் அது.

ஆவணியில் ஒருநாள் விழுப்புரம் ரோட்டில் பாதி வழியில் வண்டி நின்றது. பிஸ்டனில் ஓட்டை. ஐஸ் உருகி, மீன் அழுகி, வேறொரு லாரியில் கயிறு கட்டி வண்டியை இழுத்து வந்து பட்டறையில் போட்டார்கள். மறுநாள் கரையில், மீன் எடுக்க வந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் சொன்னான்: "மாப்ள பெட்ரோல உருவி வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்தி ஓட்டியிருக்காரு."

மண்ணெண்ணெய் கலந்தாலும் இஞ்சின் இப்படித்தான் தட்டும். அதனால் எல்லாரும் நம்பினார்கள். இவர் சாவியை வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவரை நம்பி வண்டி கொடுக்கவில்லை. பெட்ரோல் திருடுகிற டிரைவருக்கு யார் சாவி கொடுப்பார்கள்? வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். மண்ணெண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று எனக்கு இப்போதே தெரிய வேண்டும் என்றேன். மேஸ்திரி டாங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் விட்டார். மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்க் கறை நிற்குமாம். பெட்ரோல் பறந்து போனது, கறை இல்லை. ஆனால் தாளில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. கார்புரேட்டரைக் கழற்றினால் பெட்ரோல் வருகிற சின்னத் துளையிலும் அதே பொடி அடைத்திருந்தது. பெட்ரோல் குறைவாகப் போய்த்தான் இஞ்சின் கொதித்து ஓட்டை விழுந்திருக்கிறது என்றார். அது என்ன பொடி என்று அவருக்குத் தெரியவில்லை. நான் தாளை வாங்கி முகர்ந்து பார்த்தேன். பட்டுப் புடவை வைத்திருக்கிற எவளுக்கும் அந்த வாசனை தெரியும். பாச்சை உருண்டை.

அண்ணன் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் பாச்சை உருண்டை இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், பீரோவைத் திறந்து தன் கல்யாணப் புடவையை எடுத்து என் மடியில் போட்டாள். முந்தானையெல்லாம் பூச்சி அரித்திருந்தது. "வாங்கி வக்கிறேன், காணாப்போவுது. கேட்டா எலி தூக்கிட்டுப் போச்சுங்கறாரு உங்க அண்ணன். பாச்சா உருண்டய எந்த எலி தின்னும்?"

அண்ணன் உள்ளேதான் இருந்தான். எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவரை சொல்தா என்போம். பக்கத்து வீட்டு சொல்தா எதைச் சொன்னாலும் அண்ணனுக்கு வேதவாக்கு. "சைகோன்ல பட்டாளத்து வண்டி எல்லாத்துக்கும் பாச்சா உருண்ட போடுவாங்களாம், ஆக்டேன் ஏறுமாம். நல்லதுக்குத்தானே போட்டேன்" என்றான்.

"அப்ப அவர ஏன் திருடன்னு சொன்ன?"

"அது வேற, இது வேற."

ஆக்டேனை ஏற்றுமோ ஏற்றாதோ, கைப்பிடி கைப்பிடியாய் டாங்கில் கொட்டினால் அது கரைந்து, பெட்ரோல் பறந்த இடத்திலெல்லாம் உறைந்து துளையை அடைக்கும். மேஸ்திரி சொன்ன பெட்ரோலைப் போட மனம் வரவில்லை, பெண்டாட்டியின் பீரோவில் கை வைத்தான். பழி மட்டும் மாப்பிள்ளைக்கு. "சரி வுடு. மாப்ளய வரச் சொல்லு, பழையபடி ஓட்டட்டும்" என்றான். கரையில் சொன்னதைக் கரையிலேயே வந்து மாற்றிச் சொல் என்றேன். எழுந்து குளிக்கப் போய்விட்டான்.

தை மாதம் என் மகளுக்கு வீராம்பட்டினம் அம்மன் கோயிலில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். அண்ணன் தட்டு நிறைய சீரோடு, புதுக் கம்மலோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மீன்காரப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், அன்று கரையில் கேட்டவர்களும் இருந்தார்கள். பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"அண்ணா, கரையில சொன்னத இங்க மாத்திச் சொல்லு. அப்புறம் மடியில வக்கிறேன்."

"நல்ல நாளும் அதுவுமா..." என்று இழுத்தான். வெற்றிலைத் தட்டோடு நின்ற இவர், "வுடு, பரவால்ல" என்றார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் அண்ணன்மேல்கூட வந்ததில்லை. "நீங்க சும்மா இருங்க" என்றேன்.

அண்ணன் கம்மலைப் பார்த்தபடி, "அன்னிக்குப் பெட்ரோலு சரியில்ல" என்றான். நான் குழந்தையோடு இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அண்ணி, அரித்துப்போன அதே புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாங்குல பாச்சா உருண்ட போட்டது நானு" என்றான் அண்ணன். "மாப்ள எதையும் எடுக்கல."

"கேக்கல" என்றாள் பின்னால் ஒரு மீன்காரப் பெண்.

இன்னொரு தரம், சத்தமாகச் சொன்னான். இவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் குழந்தையை அண்ணன் மடியில் உட்கார வைத்தேன்.

"இப்பக் குத்துங்க" என்றேன் பத்தரிடம்.