அப்பாவின் பக்க எண்கள்

அப்பா அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். பார்வை மங்கத் தொடங்கியதும், பொத்தானை அழுத்திப் பக்கம் புரட்டும் எளிய மின்நூல் கருவியாகத் தேடி வாங்கிக் கொடுத்தேன். தொடுதிரை அவருடைய நடுங்கும் விரலுக்கு ஆகாது.

படிக்கும்போது கண்ணில் படும் பிழைகளைப் பக்க எண்ணோடு நோட்டில் குறித்துவைப்பார்.

"கண்ணு எப்படிப்பா இருக்கு?"

"எறும்போட காலை எண்ணிச் சொல்லட்டுமா? போம்மா."

மடச்சி, நம்பினேன்.

அவர் போன பிறகு நோட்டைப் பிரித்தேன். அவர் கடைசியாகப் படித்தது முந்நூறு பக்க நாவல். முதல் பிழை, பக்கம் 12. கடைசிப் பிழை, பக்கம் 9,640.

புரியாமல் கருவியைத் திறந்தேன். எழுத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பக்கங்களும் பெருகியிருந்தன. திரை முழுக்க நான்கே சொற்கள்.

ஒரு நாளாவது அதைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கலாம் நான்.